ஆத்தப் பாத்த ரூம்

ஆமாம்மா, ஜன்னல்ல தெரியுதே தூங்குமூஞ்சி மரம், அதுக்கு அந்தப் பக்கம் ஆறுதான். நடுவுல ஒரு நடைபாதை, அவ்வளவுதான். காலைல ஆறு மணிக்கு நின்னு பாக்கணும் நீங்க. நடக்கறவங்க, ஓடறவங்க, நாய இழுத்துக்கிட்டுப் போறவங்க, நாய் இழுத்துக்கிட்டுப் போறவங்க. இவ்வளவு பெரிய ஊர்ல வேற எங்க இப்படி ஒரு தெரு இருக்கு சொல்லுங்க? பஸ் சத்தம் கிடையாது. கோடைல கூட மத்தியானம் ஃபேன் போடாம தூங்கலாம். மீன்கொத்தி வந்து மதில் மேல உக்காரும். பொய் சொல்லலம்மா, இந்தத் தெரு மேல எனக்கு இன்னும் ஆசைதான். அதான் கொடுமையே.

ஒன்னுமில்ல, சும்மா சொன்னேன். உக்காருங்க. அவங்க ரெண்டு பேரும் கார் நிறுத்தற இடத்தப் பாத்துட்டு மெதுவா வரட்டும். எங்க வீட்டுக்காரரு அத மட்டும் காட்டவே கால் மணி நேரம் எடுத்துக்குவாரு. உங்க வீட்டுக்காரரும் பொறுமையா கேக்கறாரு, நல்ல மனுஷன். இந்தாங்க, தண்ணி. ஜில்லுன்னு இருக்காது, காய்ச்சி ஆற வெச்சது. ஃப்ரிட்ஜ் இருக்கும்மா. நான் அத திறக்கறதில்ல, அவருதான் திறப்பாரு. நல்லாத்தான் ஓடுது, அதுக்கு ஒரு கேடும் இல்ல. வீட்டோட அதையும் விட்டுட்டுத்தான் போறோம், நீங்களே வெச்சுக்கோங்க.

எதுக்குப் போறோம்னா... அவரு சொல்லலையா? வேலை பாக்கற இடம் தூரமாயிடுச்சு அவருக்கு. ஆமா. அப்படித்தான் சொல்லச் சொ... அப்படித்தான். நாலு வருஷமா விக்கப் பாக்கறோம். வர்றவங்க எல்லாருக்கும் பிடிச்சுப் போயிடும். திரும்பிப் போற வழில தெருவுல யாராவது ஏதாவது சொல்லிடுவாங்க, அதோட ஃபோன் வராது. நீங்கதான் வெளியூர்லேருந்து நேரா உள்ள வந்துட்டீங்க.

ஸ்விட்ச் போர்டா? ஆமா, கொஞ்சம் உயரம்தான். குழந்தைங்க கை படக்கூடாதுன்னு வெச்சது. இல்லம்மா, எங்களுக்குக் குழந்தை இல்ல. வர்ற போற குழந்தைங்க இருக்கும்ல, அதுக்குத்தான்.

இருங்க, அந்தக் கதவு... திறந்துட்டீங்களா. சரி, பாருங்க. நான் இங்கயே நிக்கறேன். ஆத்தப் பாத்த ரூம்னு சொல்லுவோம் அத. இருக்கறதுலயே அழகான ரூம் அதான், காத்து பிச்சுக்கிட்டுப் போகும். பாதிச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டினது துடைக்கறதுக்கு சுலபமா இருக்கட்டும்னுதான்.

யாருக்கு? மாமனாருக்கா? எழுந்திரிக்கவே மாட்டாரா? ரெண்டு வருஷமாவா... படுத்துக்கிட்டே ஆத்தப் பாக்கலாம், ம். பாக்கலாம். நீங்கதான் தூக்கி உக்கார வெக்கறீங்களா? இடுப்பு விட்டுப் போகுமே. எனக்குத் தெரியும்.

இல்ல, அந்த ரூம்ல ஒரு கஷ்டம், சாயங்கால வெயில் மூஞ்சிலயே அடிக்கும். திரை போட்டுக்கலாம், சரிதான். கொசு வரும். வலை அடிச்சுக்கலாம், அதுவும் சரிதான். ஆத்து ஈரம் வயசானவங்களுக்கு ஆகாது, இருமல் பிடிச்சுக்கும். இருமலே வராதா அவருக்கு? கொடுத்து வெச்சவரு. நான் எதச் சொன்னாலும் ஒரு வழி கண்டுபிடிச்சிடறீங்களே! முன்பக்க ரூம்ல வேணா அவர வைங்களேன். அதுவும் கீழதான் இருக்கு, என்ன பிரயோஜனம்.

எனக்கு ஒன்னும் இல்லம்மா. அவங்க குரல் கேக்குதா? இன்னும் கார்கிட்டதான் நிக்கறாங்களா? அந்தக் கதவச் சாத்திட்டு இப்படி என் பக்கத்துல வாங்க.

இந்த ஆத்துல வருஷா வருஷம் தண்ணி ஏறும்மா. பயப்படற அளவுக்கு இல்ல. வாசல்ல மூணு படி இருக்குல்ல, ரெண்டாவது படியத் தொட்டுட்டுப் போயிடும். தெருவே பழகிடுச்சு. மேல அணைல மதகத் திறந்தா அங்கேருந்து ஃபோன் வரும். வந்துதுன்னா இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குன்னு கணக்கு. யாரும் பதற மாட்டோம். டீ போட்டுக் குடிச்சிட்டு, நிதானமா சாமான மாடிக்கு ஏத்துவோம். கனமானது முதல்ல, மனுஷங்க கடைசில. மனுஷங்களுக்குக் கால் இருக்கே. எல்லா வீட்டுலயும் அதான் பழக்கம்.

அந்தத் தடவை ரெண்டு மணி நேரம் இல்ல. இருபது நிமிஷம்.

எங்க மாமியார் கட்டில் அந்த ஜன்னலோரம்தான் கிடந்துது. உங்க மாமனார் மாதிரிதான், மூணு வருஷம் படுக்கை. நானும் அவரும் அப்ப மாடில வாடகைக்கு இருந்தவரும் ஃப்ரிட்ஜத் தூக்கினோம். படி திரும்பற இடத்துல மாட்டிக்கிச்சு. இப்படிச் சாய், இல்ல அப்படிச் சாய்னு அங்கயே நின்னு நானும் அவரும் சண்டை போட்டோம். கீறல் விழாம கொண்டுபோய் மேல வெச்சோம். இறங்கி வந்தா இடுப்பளவு தண்ணி. அந்தக் கதவு திறக்கல. மூணு பேர் தள்ளினோம்மா.

அவரு கெட்டவரு இல்ல. பெத்த அம்மா, அவருக்கு வலிக்காதா? இந்த வீட்ட விட்டுப் போனாத்தான் நான் பொழைப்பேன்னு நினைக்கறாரு, எனக்காகத்தான் பொய் சொல்றாரு. பாத்ரூம் போகணும்னா கூட நான் அந்தக் கதவத் தாண்டித்தான் போகணும். நாலு வருஷமா தாண்டறேன். இப்பக் கரைய உயர்த்திட்டாங்க, இனிமே வராதுன்னு படிச்சவங்கல்லாம் சொல்றாங்க. வராமலும் இருக்கலாம். கையும் காலும் திடமா ஒரு ஜோடி வந்திருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன், வித்துட்டுப் போயிருப்பேன். நீங்க அவரக் கொண்டாந்து அதே ஜன்னலோரம் படுக்க வெக்கறேங்கறீங்க.

கேட் சத்தம். வந்துட்டாங்க. வீடு பிடிக்கலன்னு மட்டும் சொல்லிடுங்க, போதும். ஏம்மா அழறீங்க, முகத்தத் துடைங்க, அவரு கண்டுபிடிச்சிடுவாரு. எங்க மாமியார மறந்துட்டுப் போனோம்னு மட்டும் நினைக்காதீங்க. நான் கேட்டேன். ஃபோன் வந்ததுமே கேட்டேன், முதல்ல உங்களத் தூக்கிடட்டுமா அத்தைன்னு. சிரிச்சாங்க. நான் எங்க ஓடிடப் போறேன், ஃப்ரிட்ஜ முதல்ல தூக்குங்க, புதுசுன்னாங்க.