நடுவில் குந்தியவன்

ஒகேனக்கல் பேருந்தில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பரிசல் ஓட்டிகள்.

"நான் நடுவுல குந்துனதாலதான் படகு கவுந்துச்சு மாமா," என்றான் இளையவன்.

"நடுவுலதானே மாப்ள குந்தணும்?"

"அது பரிசல்ல. சென்னையில ஒரு ஆளு குறையுதுன்னு கடல் ரேஸுக்குக் கூப்பிட்டாங்களே, அது பாய் கட்டுன படகு. காத்து பலமா அடிச்சா, நாலு பேரும் காத்து வர்ற பக்கத்து ஓரத்துல குந்தி வெளியே சாயணும்."

"சொல்லித்தரலியா?"

"ரெண்டு நாள் சொல்லித்தந்தாங்க. அலை தூக்கிப் போட்டதும் ஒடம்பு தானா நடுவுக்கு வந்துருச்சு. ஓரத்துல சாயாதீங்கன்னு பத்து வருஷமா டூரிஸ்ட்டுங்கள திட்டுன ஒடம்பு மாமா."

மாமா சிரித்தார். "கவுந்தப்ப எத்தினியாவதா போயிட்டிருந்தீங்க?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"மொதலாவதா."