சொரிமுத்து வெட்டிய வேப்பமரம்

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பழகியவனுக்கு மின்விசிறிக் காற்று சரிப்படாது சார். அதை நிறுத்தச் சொன்னால் நிதானமாகப் பேசுவேன்.

தாராவியில் எங்கள் சந்துக்கு இருந்தது அந்த ஒரே மரம்தான். இட்லி விற்றுவிட்டு வந்து மதியம் அதனடியில்தான் சாய்வேன். மாடிக் கட்டடம் வருவதில் எனக்கு வருத்தமில்லை. தனிக் கக்கூஸ் யாருக்குக் கசக்கும்? மரத்தை விட்டுவிட்டுக் கட்டுங்கள் என்றுதான் கேட்டோம். பில்டர் மசியவில்லை. அடிமரத்தில் அம்மன் படம் மாட்டிப் பார்த்தோம். படத்தைக் கோயிலில் வைத்துவிடலாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

நீங்களும் திருநெல்வேலிப் பக்கம், உங்களுக்குப் புரியும். கடையில் வாங்கிய சாமியை நகர்த்தலாம். வெட்டுப்பட்டுச் செத்தவர் சாமியானால், செத்த இடத்திலேயே பீடம் போட்டுக் கும்பிடுவோம். அதை அசைக்க எவனுக்கும் துணிச்சல் வராது. எங்கள் குலசாமியே அப்படி வந்தவள்தான்.

மரத்துக்கு அப்படி ஒருத்தி தேவைப்பட்டாள். பக்கத்து வீட்டுச் சொரிமுத்து அண்ணன் மகள் கோகிலவாணி, சயானில் கல்லூரிக்குப் போகிறவள், மரத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசினாள். "மரத்த வெட்டணும்னா மொதல்ல என்னய வெட்டட்டும் சித்தப்பா" என்று அவளே சொன்னாள். பேச்சுக்குச் சொல்கிற பெண் இல்லை அவள்.

அன்று மதியம் கொட்டுகிற மழை. சந்தில் ஆள் இல்லை. மரத்தடியில் ஒதுங்கியிருந்தாள். "நனையாதீய, இங்கன வந்து நில்லுங்க" என்றாள். போய் நின்று சாக்கிலிருந்து அரிவாளை எடுத்தேன். முதல் வெட்டு தோளில் விழுந்துவிட்டது. என் கைத்தவறுதான், அதற்கு வருத்தப்படுகிறேன். ஓடப் பார்த்தாள். ரத்தம் வேரில் விழ வேண்டுமே என்று முடியைப் பிடித்து இழுத்துவந்து கழுத்தில் வெட்டினேன்.

காரியம் முடிந்ததும் பீடக்கல்லை நானே நட்டேன். முதல் பொங்கலும் நான்தான் வைத்தேன். பில்டரின் ஆட்கள் இரண்டு பேரை நீங்கள் பிடித்தபோது, அதுவும் மரத்துக்கு நல்லதுதான் என்று இருந்துவிட்டேன்.

சந்தே கும்பிட்டது. சொரிமுத்து அண்ணன் மட்டும் கும்பிடவில்லை. நேற்று கோடரியோடு வந்தார். மகள் செத்த இடத்தைத் தினமும் பார்க்க முடியவில்லை என்று அழுதுகொண்டே பொழுதுக்கும் வெட்டினார். யாரும் தடுக்கவில்லை. "ஒம் மவதாம்ணே இதுல இருக்கா" என்று அவர் காலைப் பிடித்தேன். உதறிவிட்டார்.

அவர்மேல் புகார் கொடுக்கத்தான் வந்தேன் சார். மற்றதெல்லாம் சொன்னது, அந்த மரத்தின் அருமை உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான். பச்சை மரத்தில் கோடரி வைக்க ஒரு மனுஷனுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ.