பாதிக் கருது

அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க டாக்டரம்மா, கால் ஆடும். இந்தச் சாக்கு மேல உக்காருங்க. நீங்க கேட்டது வெளங்குச்சு. பழைய நோட்டுல கண்ணால பாத்துப் பொறுக்குன மக்காச்சோளம் வருஷா வருஷம் வெளச்சல் ஏறிக்கிட்டே வந்திருக்கு, வரிசை முறையில பொறுக்குன சோளம் மட்டும் எம்பத்தஞ்சுல ஏன் தொப்புன்னு விழுந்துச்சு, அதானே? நாளைக்கு நைரோபிக்கு அறிக்கை போயிரும். வரிசை முறை ஒண்ணுக்கும் உதவாதுன்னு எழுதி மூடிருவீங்க. தெரியும்.

கண்ணால பொறுக்குறது எங்க புக்குசு சனம் காலங்காலமா செய்யறதுதான். காட்டுக்குள்ள போயி, வாட்டசாட்டமா நிக்கிற செடியில கருத ஒடிச்சு விதைக்கு வெச்சுக்கறது. இந்த விதைப் பண்ணைக்கு ஆராய்ச்சி பண்ண டாக்டர் ஒடுண்டோ வந்துதான் இன்னொரு வழியும் பாப்போம்னாரு. ஒரு கருதுல பாதிய உதுத்து ஒரு வரிசை நடு, மீதிப் பாதிய நம்பர் போட்டுப் பொட்டலமா வையி. அறுப்புல எந்த வரிசை எடை கூட நிக்குதோ, அந்தப் பொட்டலத்த மட்டும் அடுத்த வருஷம் பிரி. வஃபுபா, கண்ணு பொய் சொல்லும்டா, தராசு சொல்லாதும்பாரு. நான் சிரிப்பேன். ஏரிக்கரை மீன்காரருக்குச் சோளத்தப் பத்தி என்ன தெரியும்னு அவரு முன்னாடியே கேலி பேசுவேன். கோவிக்க மாட்டாரு.

பொட்டல அறைச் சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. இல்ல, எலி போகாது. வண்டும் இல்ல, சாம்பல் போட்டுத்தான வெச்சோம். எலி மேல பழியப் போட்டுரலாம்னு நானும் நெனச்சவன்தான்.

எம்பத்தி நாலுல நீங்க சின்னப்புள்ளையா இருந்திருப்பீங்க. மழை ஏமாத்திருச்சு. பண்ணையில குழாய்த் தண்ணி, அதனால இங்க மட்டும் பச்சை. கப்பல்ல வந்த மஞ்சச் சோளம் கொடுத்தாங்க, அதுவும் ஜூன்ல நின்னுபோச்சு. வீட்ல ரெண்டு பொம்பளப்புள்ளைங்க. நசிமியுவுக்கு ஆறு வயசு, நலியாகாவுக்கு மூணு.

ஆமா, நான்தான். விதையத் தின்னவன் வெளங்க மாட்டான்னு தெரிஞ்சுதான் எடுத்தேன். ஆனா கை போன பக்கமெல்லாம் அள்ளல டாக்டரம்மா. வரிசை வரிசையா நடந்து பாத்தேன். குட்டையா, நோஞ்சானா நின்ன வரிசையோட நம்பரக் குறிச்சுக்கிட்டு, அந்தப் பொட்டலத்த மட்டும் பிரிச்சேன். இருநூறுல எழுபது. நல்லதத் தொடல, டாக்டருக்குத் துரோகம் இல்லன்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

அறுப்புல தராசு வெச்சாரு. எடையில மேல வந்த பத்து வரிசையில எட்டோட பொட்டலம் நாங்க உகாலிக் களியாக் கிண்டித் தின்னது. செடி குட்டை, ஆனா செடிக்கு ரெண்டு கருது. ஜூன்ல கருது ஏது, வெறுந்தட்டையத்தான பாத்தேன்.

அன்னிக்கே கால்ல விழுந்திருக்கலாம். பயந்துட்டேன். வயல் ஓரத்துல காவலுக்கு நட்ட, எந்த வரிசையிலயும் சேராத சோளத்த உதுத்து, தின்ன பொட்டலத்துல எல்லாம் நெரப்பி, பழையபடி ஒட்டி வெச்சேன். மறு வருஷம் அதத்தான் நட்டாரு. விழாம என்ன செய்யும்? தன் கணக்குலதான் தப்புன்னு தேடித் தேடியே குடிச்சாரு மனுசன். வேலைய விட்டுட்டு ஏரிக்கரைக்கு, கிசுமுக்கே திரும்பிப் போனாரு. போன மாசம் அடக்கம் பண்ணிட்டாங்க.

எழுதுங்க. தோத்தது முறை இல்ல, வஃபுபான்னு எழுதுங்க. மறுபடி முதல்லருந்தா? எதுலருந்து? அந்தக் கருது எல்லாம் ஏது இப்ப. நிலத்தையும் மனை போட அளந்துட்டாங்க. சரி, எழுதாட்டியும் போங்க.

புள்ளைங்களா? நசிமியுவ எல்டோரெட்ல கட்டிக்கொடுத்துட்டோம். நல்லா இருக்கா. அவதான் எலும்பும் தோலுமா கெடந்தா, அந்த உகாலி அம்புட்டும் அவளுக்குத்தான் ஊட்டுனேன். நலியாகா கன்னம் உப்பி, காலெல்லாம் கொழுகொழுன்னு இருந்தா. இவ பசி தாங்குற உடம்புடின்னு எம்பொண்டாட்டிகிட்டச் சொன்னேன். பசி முத்துனா புள்ளைங்க அப்படி வீங்கும்னு ஆஸ்பத்திரி நர்சு சொல்லித்தான் தெரியும். அவ கட்டைவிரலால கால அமுக்கிக் காட்டுனா, விழுந்த குழி அப்படியே நின்னுச்சு. ரெண்டு நாள்தான் இருந்தா.

பால் பிடிச்சிருக்கான்னு பாக்க எத்தன ஆயிரம் கருதுல நகத்த வெச்சு அமுக்கியிருப்பேன் டாக்டரம்மா. எம்மவ கால அமுக்கிப் பாக்கத் தோணல.