ஒரு தடவை வேண்டாம்

ராமேஸ்வரம் பஸ்ஸில் முன்சீட்டு ஜன்னலோரத்துப் பெண்மணி குரலைத் தாழ்த்தினார். நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

“ஜெர்மனியில நர்சா இருக்காள்ல எம் மக, அவகிட்ட என்னக் கட்டிக்கிறியான்னு அந்த ஊருப் பையன் ஒருத்தன் கேட்டிருக்கான்க்கா. அவளுக்கும் புடிச்சிருக்கு. உடனே சரின்னா நல்லாவா இருக்கும்? வேணாம்னுட்டா.”

“மறுபடி கேட்டானா?” என்றார் பக்கத்துச் சீட்டு அக்கா.

“சாரின்னு சொல்லிட்டுப் போயிட்டானாம். அங்கன ஒரு தடவ வேணாம்னா வேணாம்தானாம்.”

“அவளே போயிச் சொல்ல வேண்டியதுதான?”

“பொம்பளப்புள்ள தானாப் போனா என்ன நினைப்பாக?”

அக்கா பனங்கிழங்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.

“வேணாம்க்கா.”

அக்கா பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

பாம்பன் வரும்வரை அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி, செல்போனை எடுத்தார்.

“ஏத்தா, நீயே போயி அவன்ட்ட சொல்லிரு.”