ஒன்பது நாள் அலசல்

தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் பெரும்பாலும் அளவில்தான் கோட்டை விடுகிறார்கள். நான் ஒருநாளும் அளவு தவறியதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் மெர்வின் கைல். வயது அறுபத்தெட்டு. இதே கான்பெராவில் முப்பத்தோரு வருடம் அரசு அலுவலகத்தில் படிவங்கள் தயாரித்தேன். 'பொருந்தாது' என்ற கட்டம் இடப்பக்கம் வர வேண்டுமா வலப்பக்கமா என்று எட்டு மாதம் வாதாடி ஜெயித்தவன். என் மனைவி வீட்டை விட்டுப் போகும்போது, "உன்னோட குடும்பம் நடத்துறது கியூவுல நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அவள் விட்டுப்போன கடிதத்தில் இருந்த இரண்டு பிழைகளைத் திருத்தி வைத்தேன். எப்படிப்பட்ட ஆளோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

எத்தனை செடி என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். இரண்டு. இந்த ஊர்ச் சட்டம் ஆளுக்கு இரண்டு கஞ்சா செடி வளர்க்க விடுகிறது. நான் சட்டத்தை மீறுகிற ஆள் இல்லை. பக்கத்து வீட்டு நெவில் டன்ஸ்டனிடம் நான்கு இருந்தன. அவன் பெயரில் இரண்டு, அவன் மனைவி ராஸ்லின் பெயரில் இரண்டு. அதுவும் சட்டப்படிதான்.

வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கோடை முழுக்கச் செடிக்கு உரம் கொடுப்போம். அறுவடைக்கு இரண்டு வாரம் முன்னால் உரத்தை நிறுத்திவிட்டு, வெறும் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றித் தொட்டி மண்ணில் தங்கிய உப்பை வெளியேற்றுவோம். அதற்கு அலசல் என்று பெயர். அலசினால் புகை தொண்டையை அறுக்காது என்பார்கள் பாதிப்பேர். அதெல்லாம் சுத்தப் பேத்தல் என்பார்கள் மீதிப்பேர். நான் முதல் கட்சி. கட்சி என்றால் தலைவன், செயலாளர், தொண்டன் எல்லாம் நானே. பேனா மாதிரி ஒரு மீட்டர் வைத்திருக்கிறேன். தொட்டியின் அடியில் வடியும் தண்ணீரில் அதை முக்கினால் உப்பின் அளவைக் காட்டும். குழாய்த் தண்ணீரின் எண்ணும் வடிந்த தண்ணீரின் எண்ணும் ஒன்றானால் அலசல் முடிந்தது. அந்த எண்ணுக்காக நான் விட்ட கல்யாண விருந்துகள் உண்டு.

நெவில் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன். வாளியில் கோழி எருவை ஊறவைத்து, கையால் கலக்கி, கண்ணால் பார்த்து ஊற்றுவான். அலசல் என்றால் சிரிப்பான். "மழைன்னு ஒண்ணு பெய்யுதுல்ல, அது அலசட்டும்யா. எனக்கு வேற வேலை இல்லயா?"

ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் ராஸ்லின்தான் எங்களுக்கு நடுவர். சமையலறைத் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, எங்கள் காய்ந்த மொட்டுகள் இருந்த இரண்டு ஜாடியையும் முகர்ந்து, ஜாடிக்கு ஓர் இழுப்பு இழுத்துத் தீர்ப்புச் சொல்வாள். மூன்று வருடம் தொடர்ந்து தோற்றேன். மூன்றாம் வருடம், "மெர்வ், தப்பா எடுத்துக்காத. இது ஃபைல் அட்டையக் கொளுத்துன மாதிரி இருக்கு" என்றாள். அதை நெவில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவைத்தான். நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மீட்டரைச் சரிபார்த்தேன்.

இந்த வருடம் விளையாட்டு இல்லை. ராஸ்லினுக்குப் புற்றுநோய். மருந்து ஏற்றிய பிறகு எதுவும் வயிற்றில் தங்கவில்லை. இரண்டு இழுப்பு இழுத்தால் மட்டும் ஒரு துண்டு ரொட்டியும் கொஞ்சம் பூசணி சூப்பும் இறங்கும். இன்னும் எடை குறைந்தால் சிகிச்சையை நிறுத்த வேண்டிவரும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். மார்ச்சில் அவர்கள் ஜாடி காலி. என்னிடம் அரை ஜாடி இருந்தது. வளர்க்கலாம், வைத்துக்கொள்ளலாம், அடுத்தவருக்குக் கொடுப்பது குற்றம் என்று அவர்களுக்கு விளக்கினேன். சட்டப் பிரிவின் எண்ணையும் சொன்னேன்.

"விடு மெர்வ்," என்றாள் ராஸ்லின். "ஃபைல் அட்டையத் தின்னு நான் பொழைக்கணுமா?"

ஆக, அந்த நான்கு செடிதான் அவளுக்குச் சோறு. அது எனக்குத் தெரியும்.

ஏப்ரலில், அறுவடைக்குச் சற்று முன்னால், பத்து நாள் சிகிச்சைக்காக சிட்னி போனார்கள். கிளம்பும்போது நெவில் என்னைத் தொட்டிகளிடம் கூட்டிப்போனான். "இங்க பாரு. தொட்டியத் தூக்கிப் பாரு. லேசா இருந்தா ஊத்து, கனமா இருந்தா ஊத்தாத. அவ்வளவுதான். அந்தக் குச்சியத் தூக்கிட்டு வந்து நிக்காத."

"அவன் கொண்டுட்டு வராம இருப்பானா? சட்டைப் பையிலயே இருக்கு பாரு," என்றாள் ராஸ்லின் காருக்குள்ளிருந்து. இருந்தது.

முதல் நாள் வடிந்த தண்ணீரில் மீட்டரை முக்கினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரம். எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. மூன்று வருடம் என்னைத் தோற்கடித்த செடிகள் இவ்வளவு அழுக்கா என்று இருந்தது. நோயாளிக்குப் போகிற சரக்கு, சுத்தமாக இருக்க வேண்டாமா என்றும் நினைத்துக்கொண்டேன். அந்த இரண்டாவது எண்ணம் சில நிமிடம் கழித்துத்தான் வந்தது.

ஒன்பது நாள் அலசினேன். தொட்டிக்குக் காலையில் ஆறு வாளி, மாலையில் ஆறு. எருவூறிய மண் லேசில் விடாது. அந்த வாரம் தூறலும் பனிமூட்டமுமாக இருந்தது. மதியம்வரை வேலிகூடக் காயவில்லை. தொட்டியைத் தூக்கிப் பார்க்கவில்லை. தூக்கவும் முடியாது; அவ்வளவு கனம். ஒன்பதாம் நாள் எண் அறுபத்திரண்டு. குழாய்த் தண்ணீரும் அறுபத்திரண்டு. மீட்டரைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்தேன். அனுப்ப ஆள் இல்லாததால் எனக்கே அனுப்பிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பெரிய மொட்டில் ஓர் இலை பழுத்திருந்தது. தொட்டதும் கையோடு வந்தது. மொட்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே சாம்பல் நிறப் பூஞ்சை. வேரில் நீரும் காற்றில் ஈரமும் சேர்ந்தால் கொழுத்த மொட்டு உள்ளிருந்து அழுகும். வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அதே அளவு அலசிய என் செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூஞ்சை தங்குகிற அளவுக்கு அவற்றில் மொட்டு இல்லை.

கத்தரிக்கோல் கொண்டுவந்து கண்ணுக்குத் தெரிந்த இடங்களை வெட்டி, பையில் கட்டி, என் குப்பைத் தொட்டியில் போட்டேன். பதினோரு இடம்.

அன்று மாலை அவர்கள் வந்துவிட்டார்கள். நெவில் செடிகளைச் சுற்றி வந்தான். "என்னய்யா இது, அங்கங்க வெட்டின மாதிரி இருக்கு?"

"காக்கட்டூ கிளி கடிச்சிருக்கும்," என்றேன். இந்த ஊரில் எதற்கும் காக்கட்டூவைச் சொல்லலாம். யாரும் மறுக்க மாட்டார்கள்.

"அதுக்காவது பசி எடுக்குதே," என்றாள் ராஸ்லின்.

மறுநாள் மூவரும் சேர்ந்துதான் அறுத்தோம். அவள் போர்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் இருந்தபடி எங்களைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள். இரண்டு வாரம் காயவைத்து, ஜாடியில் போடும் நாளில் நெவில் என்னைக் கூப்பிட்டான். "மெர்வ், பூஞ்சை இருந்தா இவளுக்கு ஆகவே ஆகாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்கு. எதிர்ப்பு சக்தி சுத்தமா இல்லையாம். எனக்குக் கண்ணு சரியில்ல. உன்கிட்ட பூதக்கண்ணாடி இருக்குல்ல, பாத்துச் சொல்லேன்."

பார்த்தேன். மூன்றாவது மொட்டில் நூல் நூலாக இருந்தது. ஐந்தாவதிலும். இருக்கிறது என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்றால் ஈரம்; ஈரம் என்றால் அலசல். குளிர்பதனப் பெட்டிக் கதவில் அடுத்த காகிதத்தை ஒட்டுவான். நான் யோசித்தது இதைத்தான். பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்த்திருந்தால் மன்னிக்க வேண்டும்.

"சுத்தமா இருக்கு. குழாத் தண்ணி மாதிரி," என்றேன்.

என் ஜாடி வேலிக்கு அந்தப் பக்கம், என் வீட்டில் இருந்தது. பூஞ்சை இல்லாதது. மாற்றி வைக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கொடுப்பது குற்றம் என்று முன்பே சொன்னேன்.

ராஸ்லின் கண்ணைக் கட்டிக்கொள்ளாமலே முதல் இழுப்பு இழுத்தாள். புகையை மெல்ல வெளியே விட்டாள். பிறகு, "நெவ், இதுல எரிச்சலே இல்ல. மெர்வ் அலசுனதா? அப்ப இந்த வருஷம் மெர்வ்தான் ஜெயிச்சான்" என்றாள். அன்று அவள் இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டாள். நான் வீட்டுக்கு வந்து, தனியாக, வாய்விட்டுச் சிரித்தேன். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

மூன்றாம் வாரம் இருமல் தொடங்கியது. தினம் வேலி வழியாகக் கேட்கும். வேலிக்கு அந்தப் பக்கம் போய், ஜாடியைத் தூக்கி எறியச் சொல்லியிருக்கலாம். இரண்டு முறை கதவுவரை போனேன். ஜூன் மாதம் நுரையீரல் முழுக்கப் பூஞ்சை என்றார்கள். பன்னிரண்டு நாளில் இறந்துபோனாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். என்னைக் கிண்டல் செய்ய இப்போது யாரும் இல்லை. நானேதான் செய்துகொள்கிறேன், பார்க்கிறீர்களே.

அந்தப் பூஞ்சைக்குத் தன் கோழி எருதான் காரணம் என்று நெவில் முடிவு செய்துவிட்டான். கோழிகளை யாருக்கோ கொடுத்துவிட்டான். சமையலறையில் உட்கார்ந்து, "என் கையாலேயே கொன்னுட்டேன் மெர்வ்" என்பான். நான் அவனுக்குத் தேநீர் போட்டுக் கொடுப்பேன். எட்டு வாரம் போட்டுக் கொடுத்தேன். இல்லை என்று ஒருநாளும் சொல்லவில்லை.

நேற்று, மரண விசாரணைக்காக உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தின் நகலை எடுத்துவந்து படித்துக் காட்டினான். நான்காவது வரியில், 'செடிகள் சரியாக அலசப்படவில்லை. எரு தங்கியிருந்தது' என்று சொல்லியிருக்கிறான். இரண்டாவது முறை படிக்கச் சொன்னேன். அப்படியேதான் இருந்தது. அதனால்தான் இன்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்து இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன்.

அழுகவிட்டது நான். வெட்டி மறைத்தது நான். பூதக்கண்ணாடியில் பார்த்தும் சுத்தம் என்று சொல்லி அவள் கையில் கொடுக்கவைத்தது நான். இதற்கு என்ன பெயரோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த நான்காவது வரியை அடித்துவிடுங்கள். வடிந்த தண்ணீர் அறுபத்திரண்டு, குழாய்த் தண்ணீர் அறுபத்திரண்டு. படம்கூட இருக்கிறது. அலசலில் ஒரு குறையும் இல்லை.