நிக்கல் மௌத்தான நேரம்

கல்முனையிலிருந்து ஒலுவிலுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பல்கலைக்கழக மாணவிகள்.

"என்ட நிக்கல் மௌத்தாப் போயிட்டு," என்றாள் ஒருத்தி.

பக்கத்தில் நின்ற பெண், யாரோ இறந்துவிட்டதாக எண்ணித் திடுக்கிட்டார். "இன்னாலில்லாஹ்! ஆருகா மௌத்து?"

"ஆக்களில்ல மாமி. கிளிசரின எரிவாயுவா மாத்துற உலோகத் தூள். மூணு மணித்தியாலத்தில கரி படிஞ்சி வேலை செய்யாம நிண்டுட்டு."

தோழி குரலைத் தாழ்த்தினாள். "முதல் ரெண்டு மணித்தியாலத்த மட்டும் ரிப்போட்டில போடு மச்சி. ஆருக்குத் தெரியும்?"

முதலாமவள் மறுத்துத் தலையசைத்தாள்.

"எனக்கு முந்தி இந்த ஆய்வச் செஞ்சவவும் அப்பிடித்தான் போட்டிருக்கா. அத நம்பித்தான் என்ட ஆறு மாசம் போச்சு. நான் அது நிண்ட நேரத்தையும் எழுதுவன்."