காவல் நேரத்துல தூங்கினவன்

ஓடறேன். கையில துப்பாக்கி இல்ல. காவல் மேட்டுலயே விட்டுட்டேன். முதல் குண்டு கூடாரத்துப் பக்கம் விழுந்துச்சி. புதன்கிழமை. காலையில ஆறு பத்து. அல்ஜீரியா மலை. முதல்ல விசில் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் இடி. "படுங்கடா! படுங்கடா!" கத்தறேன். கத்தி என்ன புண்ணியம்? கூடாரத்துல லூர்து இருந்தான்.

பிரெஞ்சு பட்டாளத்துல அந்த மலையில புதுச்சேரிக்காரங்க மூணு பேரு. நான், லூர்து, ஆரோக்கியம். அன்னிக்குக் காவல் என்னுது. குடிச்சிட்டுத் தூங்கிட்டேன். கூடாரத்துல மூணு பேரு செத்தாங்க. இதான் உண்மை. நான் கத்துனதால மத்தவங்க தப்பிச்சாங்கன்னு எங்க அதிகாரி, கப்பித்தேன், எழுதிட்டான். மெடல் குத்தி விட்டாங்க. நான் வாயத் தொறக்கல. த்தூ!

அதுலேருந்து நன்மை வாங்கல, பூசையில சாமியார் குடுக்கற அந்த அப்பத்த. பூசைக்கு மட்டும் தவறாம போவேன். கடைசி பெஞ்சு. எல்லாரும் நன்மைக்கு வரிசையில போவாங்க. நான் முட்டி போட்டுத் தலையக் குனிஞ்சிக்குவேன். நாப்பத்தஞ்சி வருசம். ஊருல எனக்கு பக்திமான்னு பேரு வேற!

இந்த வருசம் நவம்பர் பதினொண்ணு. கடற்கரை ரோட்டுல போர் நினைவுச் சின்னம். பழைய பட்டாளத்துக்காரங்க, சொல்தாக்கள், மெடல் மாட்டிக்கிட்டு நிக்கிறோம். செத்தவங்க பேரைப் படிப்பாங்க. ஒவ்வொரு பேருக்கும் நாங்க சேர்ந்து "மோர் பூர் லா பிரான்ஸ்"ங்கணும். பிரான்சுக்காகச் செத்தான்னு அர்த்தம். லூர்து பேரு வந்துச்சி. வாயத் தொறந்தேன். வரல. பிரான்சுக்காகவா செத்தான்? நான் தூங்கினதால செத்தான்!

அன்னிக்கே கோயிலுக்குப் போயி சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணேன். சாமியார் சின்ன வயசு. "ஆண்டவர் மன்னிச்சிட்டாரு ஐயா. பத்து அருள் நிறைந்த மரியே சொல்லுங்க"ன்னாரு. எனக்கு வந்துதே கோவம்! மூணு உசுருக்கு பத்து ஜெபமா? மன்னிச்சிட்டாராம். லூர்து பொண்டாட்டிய ஒரு வார்த்த கேட்டாரா அவரு?

நானே போய்ச் சொன்னேன். திரேசா, அடுத்த தெரு. கல்யாணமாகி நாலு மாசத்துல தாலியறுத்தவ. என் புருஷன் கூட நின்ன மனுசன்னு வருசா வருசம் கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டாந்து, "சாப்பிடுண்ணே"ம்பா. கேட்டுட்டுக் கதவை அறைஞ்சி சாத்தினா. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

அடுத்த ஞாயித்துக்கிழமை. நன்மை நேரம். முட்டி போட்டிருக்கேன். வரிசையில நின்ன திரேசா திரும்பி வந்து என் முன்னால நிக்கிறா.

"யோவ், எழுந்திரு. நான் உன்ன மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன். ஆண்டவரு மன்னிச்சாருன்னா அது அவரு இஷ்டம். இங்க குந்திக்கிட்டு வேஷம் போடாத. போய் வாங்கு."

எழுந்தேன். அவ பின்னால நடந்தேன். கோவம் மட்டும் போகல. சாமியார் நாக்குல அப்பத்த வச்சாரு. இந்த நாய்க்குமா குடுக்கற ஆண்டவரேன்னு உள்ளுக்குள்ள கத்தினேன். அவரு குடுத்துட்டாரு.

என்னால போனது இவ்வளவு. லூர்து, இருபத்திரெண்டு வயசு. ஆரோக்கியம், இருபது. பியேர்னு ஒரு வெள்ளக்காரன். வயசு தெரியாது, நான் கேக்கவேயில்ல. இந்த கிறிஸ்துமஸுக்குக் கேக் வரல. என்னை அண்ணேன்னு கூப்பிட ஊருல ஒருத்திதான் இருந்தா. அந்த அண்ணேயும் போயிடுச்சி.